மழையில காய்ஞ்ச சொவரு

அங்க வேணாம் சார், இப்படி ஃபேனுக்குக் கீழ வந்து உக்காருங்க. மேல பாருங்க, காரை உப்பிகினு கீதில்ல? எப்ப வேணா உழும். நல்ல சட்டையா போட்டுகினு வந்துகீறீங்க. பேப்பரா? தாங்க, படிக்கிறேன். கையெழுத்துக்குத்தானே வந்தீங்க, நான் எங்கயும் ஓட மாட்டேன். மொதல்ல டீய குடிங்க.

மேல எந்தம்பி கோபி போட்டுட்டானா? போட்டிருப்பான், மொத ஆளா. எங்க அப்பா கட்டின ஊடு சார் இது. மேல அவனுக்கு, கீழ சரசாவுக்கு, அதான் எனக்குன்னு எழுதி வெச்சிட்டுப் போனாரு. எங்க ஊட்டுக்காரர் போனதுலேர்ந்து நான் இங்கதான். ரெண்டு பேரும் போட்டாதான் நீங்க இடிச்சிட்டு ஃப்ளாட்டு கட்ட முடியும். தெரியும், தெரியும். ரெண்டு வருசமா நான்தான் மாட்டேன்னுகினு கீறேன். காரணம்லாம் ஒண்ணும் பெருசா இல்ல. எனக்கு இந்த ஊடு பிடிக்கும், அவ்ளோதான்.

சொவரா? அத ஏன் கேக்குறீங்க, அது பெரிய ரோதனை. போன வருசம் மாசியில ஒழுவ ஆரம்பிச்சுது. மொதல்ல அயப்பாக்கத்துலேர்ந்து ஒரு ப்ளம்பர் வந்தான். பாத்ரூம் பைப்புன்னு சொல்லி ஆறு டைல்ஸ பேத்துப் போட்டான். பைப்பு நல்லாத்தான் கீது. அடுத்தவன் மொட்டைமாடில விரிசல்னு கறுப்பா என்னாத்தையோ பூசினான். செருப்புல ஒட்டிகினு ஊடு பூரா கறுப்பு காலு. மூணாவதா ஒருத்தன் வந்தான் பாருங்க, சொவத்துல காத வெச்சுக் கேட்டான் சார், டாக்டரு கணக்கா. பூமியிலேர்ந்து ஈரம் ஏறுதுன்னான். மேலேர்ந்து கீழ ஒழுவறது எனக்குத் தெரியுது, இவன் கீழேர்ந்து மேலங்கிறான். ஊரே காயற சித்திரையில கூட நான் பக்கெட்டு வெச்சுகினு இருந்தேன்.

ஒவ்வொருத்தன் வரும்போதும் கோபி லீவு போட்டுட்டுக் கூட நிப்பான். ஏணியப் பிடிச்சுப்பான், டார்ச்சு அடிச்சுக் காமிப்பான், ஒடைச்ச குப்பையெல்லாம் அவனே அள்ளிக் கொட்டுவான். அக்கா மேல எம்மாம் பாசம்னு எதிர் ஊட்டு சபீனா வாய்விட்டே சொல்லும். எல்லாம் முடிஞ்சு மாடி ஏறும்போது மட்டும் ஒரு வார்த்தை சொல்லுவான். பழைய ஊடுக்கா, இனிமே தாங்காது, உனுக்கு ஏன் இந்தக் கஷ்டம்னு.

ஒழுவறது எங்களுக்கு இன்னா புதுசா சார்? அப்பல்லாம் கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு போட்ட ஊடு. ஐப்பசி பொறந்தா ஏரி ரொம்பி கொரட்டூர் பூரா தண்ணி, எங்க தெருவுல கெண்டை துள்ளும். கொசுவலைய நான் ஒரு முனை, அவன் ஒரு முனை பிடிச்சுகினு அரிச்சு எடுத்தாருவோம். அம்மா அப்பவே மொளகா தடவி வறுக்கும். உள்ள எட்டு எடத்துல ஒழுவும், எட்டு ஏனம் வெப்போம். யாரு ஏனம் மொதல்ல ரொம்புதுன்னு பந்தயம். தோத்தவங்க ஜெயிச்சவங்களுக்கு ஒரு மீனு தரணும். நான் திரும்பினா போதும், என் குண்டான்லேர்ந்து எடுத்து அவன் சொம்புல ஊத்திப்பான். தெரிஞ்சேதான் மீனக் குடுப்பேன். சின்னப்பையன், திங்கட்டும்னு. நல்லா இருந்தோம் சார் அப்ப.

இருங்க, படிச்சுகினுதான் கீறேன். இந்தக் கார்த்திகைக்கு நடந்தத சொல்லிட்டுப் போட்டுடறேன். கோயம்புத்தூர்ல அவன் பொண்ணுக்கு ரெண்டாவது பிரசவம்னு குடும்பத்தோட பத்து நாளு போனான். சாவிய என் கையில குடுத்து, தீபத்தன்னிக்கு ஊடு இருட்டாக் கெடக்கக் கூடாது, நீயே வெளக்கு ஏத்திடுக்கான்னான். அவன் போன மறுநாளே பிடிச்சுது மழை. புயல் சின்னம்னாங்க. ஒரு வாரம் ஊத்து ஊத்துன்னு ஊத்துது. நான் குண்டான், பக்கெட்டு எல்லாத்தையும் வரிசையா வெச்சுட்டு அண்ணாந்து பாத்துகினு கீறேன், ஒரு சொட்டு இல்ல. வெளிய மழை கொட்டுது, உள்ள சொவரு காய்ஞ்சுகினு வருது. சாமி கண்ணத் தொறந்துட்சுன்னு சொவத்துக்குக் கற்பூரம் காட்டினேன். சிரிங்க, பரவால்ல.

தீபத்தன்னிக்கு மேல போனேன். வாசல்ல ரெண்டு, சாமி ரூம்ல ஒண்ணு ஏத்தினேன். சமையல் ரூமுக்கும் ஒண்ணு வெக்கணும்ல, எண்ணெ தீந்துட்சு. சிங்குக்குக் கீழ டின்னு இருக்குமேன்னு குனிஞ்சேன். குடிக்கிற தண்ணி மெஷின் கீது பாருங்க, அதுலேர்ந்து கழிவுத் தண்ணி போறதுக்கு வெள்ளையா ஒல்லியா ஒரு ட்யூபு வரும். எல்லார் ஊட்லயும் அத சிங்க்ல உட்டிருப்பாங்க. இது கீழ எறங்கி மூலைக்குப் போவுது. தரையில ஓட்டை. ட்யூப உள்ள சொருவி சுத்தி வெள்ளை சிமெண்டு வெச்சு அடைச்சுக்கீது. அதுக்கு நேர் கீழதான் இந்தச் சொவரு. ஊட்ல ஆளில்ல, மெஷினு ஓடல, சொவரு காய்ஞ்சுட்சு.

எலியா? எலிக்கு அவ்ளோ வட்டமா போடத் தெரியாது சார். மண்ணூர்பேட்டை கம்பெனில இருவது வருசமா ட்ரில்லிங் மெஷின்ல நிக்கிறவன் அவன். இந்தா, திரைச்சீலைக் கம்பி, காலண்டர் ஆணி, எல்லாம் அவன் போட்ட ஓட்டைதான். அவன் கைவேலை எனக்குத் தெரியாதா.

அப்படியே குந்திட்டேன். அப்ப பாத்து போன் பண்றான். பேத்தி பொறந்துட்சுக்கான்னான். சந்தோசம்டான்னேன். அங்க பயங்கர மழையாமே, சொவரு ஒழுவுதாக்கான்னு கேட்டான்.

ஒழுவுதுடான்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. ஓட்டை போட்டான், சரி, மனுசன் ஆசைல எதுனா செய்வான். மூணு பேரு வந்து ஊட்ட ஒடைக்கும்போது டார்ச்சு அடிச்சுகினு நின்னான் பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல. எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது. ஊருலேர்ந்து வந்தான், மறுநாளே திரும்ப ஒழுவ ஆரம்பிச்சிட்சு.

உக்காருங்க சார், எந்திரிக்காதீங்க. போட மாட்டேன்னு நான் சொல்லவே இல்லியே. பேப்பர இங்கயே வெச்சுட்டு மேல போங்க. அக்கா படிச்சுட்டா, பேனாவோட உக்காந்துகினு கீறான்னு சொல்லுங்க. அவன் எறங்கி வரட்டும். இந்த ஈரத்துல ஒரு கைய வெச்சு, எம்மூஞ்சப் பாத்து, அக்கா ஊட்டக் குடுன்னு ஒரு வாட்டி கேக்கச் சொல்லுங்க. கேட்டான்னா போட்டுடறேன்.