‘நாற்றம் இல்லை’ என்று பதினொரு முறை எழுதியவன் பேசுகிறேன்

பேச்சுகளின் நீளத்தைக் கைக்கடிகாரத்தால் அளந்தபடி பொறுமையே உருவாய் வீற்றிருக்கும் அவைத்தலைவர் அவர்களே! எங்கள் காற்றுத் தர வாரியத்தைக் கட்டிக் காக்கும் இயக்குநர் அவர்களே! இந்தக் குப்பைமேட்டின் வயிற்றுக்குள் குழாய் இறக்கிய தொழிலாளத் தோழர்களே! முன்வரிசையில் முதுமையின் முத்திரையோடு அமர்ந்திருக்கும் பெரியவர்களே! கைவேலையைப் பாதியில் வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காவிட்டாலும் நகராமல் நிற்கும் நண்பர்களே! உங்கள் அனைவரின் முன்னும் தலை தாழ்த்துகிறேன். இன்று தாழ்த்துவதற்குத் தக்க காரணமும் இருக்கிறது.

அவைத்தலைவர் என்னை எப்படி அறிமுகம் செய்தார்? ‘இருபத்திரண்டு ஆண்டு அனுபவமுள்ள புகார் ஆய்வாளர். வாரியத்தில் இவரை மூக்கு ஐயா என்றுதான் அழைப்பார்கள். இன்று நாம் திறந்துவைக்கும் வாயுக் குழாய்க்குக் காரணமான கசிவைக் கண்டுபிடித்தவர் இவர்தான்’ என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கைதட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டிவரும்.

முதலில் எங்கள் வேலையைக் கேளுங்கள். நாற்றம் என்று புகார் வந்தால் ஆய்வாளர் அந்த வீட்டுக்குப் போவார். புகார் கொடுத்தவரின் பக்கத்தில் நிற்பார். அவர் முகர்வதை இவரும் முகர வேண்டும். இரண்டு மூக்கும் ஒத்துப்போனால் தாளில் ‘உறுதி’ என்று எழுதுவார். இல்லாவிட்டால் ‘நாற்றம் இல்லை’ என்று எழுதிப் புகாரை மூடிவிடுவார். ஐந்து ‘உறுதி’ சேர்ந்தால்தான் குப்பைமேட்டை நடத்துகிறவர்களுக்கு நோட்டீஸ் போகும். அடேயப்பா! ஒரு மனிதனின் மூக்கை நம்பி ஓர் ஊரின் மூச்சு! விந்தையாக இல்லையா?

இரண்டரை ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அது என் மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் பால் தீய்கிறது. நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். என் மனைவி ஓடிவந்து, “ஏங்க, மூக்கைக் கழட்டி ஆபீஸ்லயே வச்சுட்டு வந்துட்டீங்களா?” என்றாள். அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் எழுந்து போய்ப் பால் சட்டியை முகர்ந்து பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.

அலுவலகத்தில் சொன்னேனா? சொல்லவில்லை. மருத்துவரிடம் போனேனா? உடனே போகவில்லை. மூக்கு ஐயாவுக்கே மூக்கு போய்விட்டது என்றால் சிரிப்பார்களே, வேலையை மாற்றுவார்களே என்ற வெட்கம் வாயைக் கட்டிப்போட்டது. ஐயா இயக்குநர் அவர்களே, உங்களுக்கும் இது இப்போதுதான் தெரிகிறது. தண்ணீர் குடியுங்கள், இன்னும் இருக்கிறது.

‘வருடா வருடம் பரிசோதனை உண்டே, அதில் எப்படித் தப்பித்தீர்கள்?’ என்கிறாரா அங்கே ஒருவர்? நல்ல கேள்வி! மூன்று புட்டி வைப்பார்கள், ஒன்றில்தான் நாற்றம். பரிசோதிக்கிறவர் எந்தப் புட்டியைத் திறக்கும்போது முகத்தைத் திருப்புகிறாரோ அதுதான் விடை. நூற்றுக்கு நூறு வாங்கினேன்! அதே வித்தையை வீதியிலும் வைத்துக்கொண்டேன். புகார் கொடுத்தவர் முகம் சுளித்தால் ‘உறுதி’. சுளிக்காவிட்டால் ‘நாற்றம் இல்லை’.

அந்த வித்தை ஒரே ஒரு முகத்திடம் தோற்றது. இந்த மேட்டின் கிழக்குச் சரிவுக்குக் கீழே கடைசி வீட்டில் இருக்கும் தையல்கார அம்மாவின் முகம் அது. தைக்கும்போது அவர் உதடுகளுக்கு இடையில் நாலைந்து குண்டூசி இருக்கும். குண்டூசி கடித்த வாயோடு எவரால் முகம் சுளிக்க முடியும்? நான் பக்கத்தில் போய் நிற்பேன். அவர் சன்னலைக் காட்டித் தலையசைப்பார். முகம் அசையாது. நான் ‘நாற்றம் இல்லை’ என்று எழுதிவிட்டு வருவேன். ஒரு முறையா? இரு முறையா? பதினொரு முறை!

பிறகு ஒருநாள் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் காது மூக்கு மருத்துவரிடம் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் யார் உட்கார்ந்திருந்தார் தெரியுமா? அதே தையல்கார அம்மா. மடியில் என் கையெழுத்துப் போட்ட பதினொரு தாள்கள்.

“என்னம்மா, இங்கே?” என்றேன்.

“மூக்கைக் காட்ட வந்தேன் சார். நீங்களே இத்தனை தடவை இல்லைன்னு எழுதிட்டீங்க. வீட்டுக்காரரும் ‘உனக்குப் பிரமை’ங்கிறார். சாப்பிடப் பிடிக்கல, தூக்கமும் இல்ல. என் மூக்குலதான் ஏதோ கோளாறு போலிருக்கு” என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, “நீங்க எதுக்கு சார் வந்தீங்க?” என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? காது வலி என்றேன்! சபையோரே, அந்த நொடியில் என்னை நானே வெறுத்தேன். கெட்டுப்போன மூக்கை வைத்துக்கொண்டு, நல்ல மூக்குள்ள ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிப் படி ஏற வைத்தவன் நான். மருத்துவர் அவரைச் சோதித்துவிட்டு, மூக்கு முத்தாக இருக்கிறது என்று அனுப்பினார். என் மோப்பம் இனித் திரும்புவது சந்தேகம் என்றார்.

மறுநாள் காலை எங்கள் காலநிலைப் பிரிவின் கதவைத் தட்டினேன். அதுவரை அந்தப் பிரிவை நான் மதித்ததே இல்லை. காலநிலை என்றால் எங்கோ கடல், எங்கோ பனிமலை. புகையும் தூசியும் பார்க்கிற நமக்கு அதில் என்ன வேலை என்று கேலி பேசியவன் நான். அங்கிருந்த பொறியாளர் அம்மாவிடம் வாயு அளக்கும் கருவியைக் கடன் கேட்டேன்.

“உங்க மூக்கு இருக்கும்போது இந்த மெஷின் எதுக்கு சார்?” என்று சிரித்தார்.

“மூக்குக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்லம்மா” என்றேன்.

“இது நாத்தத்தைக் காட்டாது. குப்பை மக்கும்போது வர்ற மீத்தேனை மட்டும்தான் காட்டும். அதுக்கு நிறமும் இல்ல, நாத்தமும் இல்ல. அங்க உங்க மூக்கும் செல்லாது, என் மூக்கும் செல்லாது” என்றார்.

கேட்டதும் எனக்கு எத்தனை ஆறுதல்! இரண்டு ஆண்டுகளில் முதல் முறையாக நானும் மற்றவர்களும் சமம் என்று நினைத்துக்கொண்டேன். இருவரும் மேட்டில் ஏறினோம். கோடு போட்டதுபோல் மேலும் கீழும் நடந்தோம். கருவியில் எண் இரண்டு, இரண்டு, மூன்று என்றே இருந்தது. கிழக்குச் சரிவில் எங்கும் பச்சைப் புல். நடுவில் மட்டும் ஒரு கட்டில் அகலத்துக்கு மொட்டைத் தரை. இங்கே மட்டும் ஏன் புல் இல்லை என்று குனிந்து கருவியை வைத்தேன். எண்ணூறு! ஆயிரத்து இருநூறு! எண் நிற்கவே மாட்டேன் என்கிறது. “வேருக்குக் காத்தே கிடைக்காம வாயு அடைச்சிடுச்சு சார், அதான் புல் செத்துப்போச்சு” என்ற பொறியாளர், சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டார். “ஐயோ, என்ன சார் இது, அழுகின முட்டை மாதிரி! உங்களுக்கு வரலையா?”

மீத்தேனோடு வேறு வாயுக்களும் அந்த மொட்டைத் தரையில் இருந்த ஒரு வெடிப்பு வழியே வந்துகொண்டிருந்தன. நாறுவது அவைதான். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்த்தேன். அது நேரே தையல்கார அம்மாவின் சன்னலுக்குப் போனது. என் கண் கலங்கிவிட்டது.

சபையோரே! மீத்தேன் என்பது என்ன? இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட ஏறத்தாழ எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. அந்த அம்மா முதல் முறை சொன்னபோதே நான் நம்பியிருந்தால் வெடிப்பு அன்றே அடைபட்டிருக்கும். இரண்டு ஆண்டுகள் வானத்துக்கு ஏறிய வாயு ஏறாமலே இருந்திருக்கும். வானத்தைக் காக்கும் வேலை எங்கே தொடங்குகிறது? மாநாட்டு மண்டபத்திலா? வண்ண வண்ண வரைபடத்திலா? வாசலில் நின்று ‘ஐயா, வருகிறது’ என்று சொல்லும் ஒருவரின் வார்த்தையிலே தொடங்குகிறது! அந்த வார்த்தையை நம்பினால் வாரியம் வாழும். அந்த வார்த்தையை மிதித்தால், ஆயிரம் கருவி வாங்கினாலும் அத்தனையும் வீண்!

கசிவைக் கண்டுபிடித்தவன் நான் அல்ல. கண்டுபிடித்தவர் அதோ, நான்காம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அந்தப் பதினொரு தாள்களின் அலுவலகப் பிரதியிலும் ‘ஆய்வாளருக்கு மோப்பம் இல்லை, புகார் உண்மை’ என்று திருத்தி எழுதி என் பையில் வைத்திருக்கிறேன். புகார் ஆய்விலிருந்து என்னை நீக்கக் கேட்கும் கடிதமும் கூடவே இருக்கிறது. இயக்குநர் ஐயா, உங்கள் விருப்பம் எதுவோ அது எனக்குச் சம்மதம். அம்மா, இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடுங்கள்.

என்னம்மா, எழுந்துவிட்டீர்கள்? சொல்லுங்கள். அமைதி, அமைதி! பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “மன்னிப்பை அப்புறம் பாத்துக்கலாம் சார். இந்தப் புதுக் குழாய்ப் பக்கமிருந்து லேசா நாத்தம் வருது. வந்து உக்காந்ததுலேருந்தே வருது. எல்லாரும் கைதட்டிட்டு இருந்தீங்க, எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

கைதட்டாதீர்கள், யாரும் கைதட்டாதீர்கள்! பொறியாளர் அம்மா, கருவியை எடுங்கள். இயக்குநர் ஐயா, விதிப்படி வாரியத்து மூக்கு ஒன்று அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். என்னுடையது ஆகாது, நீங்கள்தான் இறங்கி வர வேண்டும். போகிறார்... மக்களே, வழிவிடுங்கள்... என்ன ஐயா சொல்கிறீர்கள்?

“ஆமாய்யா, வருது! வால்வை மூடச் சொல்லு!”

கேட்டீர்களா? இதோ, உங்கள் கண் முன்னாலேயே எழுதுகிறேன்: பன்னிரண்டாவது புகார், உறுதி. செவி கொடுத்த சபைக்கும், பேசவிட்ட தலைவருக்கும் நன்றி. மற்றதெல்லாம் அந்த வால்வை மூடிய பிறகு பேசிக்கொள்ளலாம். நானும் இறங்கி ஓடுகிறேன், வணக்கம்!