ஹில்க்கா டீச்சரின் வில்

ரவுனோ: ...அப்ப கையைக் காட்டுங்க டீச்சர்.

ஹில்க்கா: காப்பி பிடிச்சிருக்கேன், தெரியலையா?

ரவுனோ: ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கீங்க.

ஹில்க்கா: குளிருதுடா.

ரவுனோ: மே மாசம். வெளிய பசங்க ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டு நிக்குதுங்க.

ஹில்க்கா: நீ போய் உன் செல்லோ வாசிக்கிற பசங்களைப் பாரு. முதல் பாதி பூரா கடைசி வரிசை தூங்கி வழிஞ்சுது.

ரவுனோ: இடைவேளை முடிய நேரமிருக்கு. அம்மாக்கள் சுட்டுக் கொண்டாந்த ஏலக்காய் பன் தீர்ற வரைக்கும் ஒருத்தரும் உள்ள வர மாட்டாங்க... டீச்சர், ஒண்ணு சொல்லவா?

ஹில்க்கா: வேண்டாம்.

ரவுனோ: கடைசிப் பாட்டுல நீங்க தனியா வாசிக்கிற இடம்... அதை சைமிகிட்ட விட்டுடலாமே. உங்களுக்குப் பின்னாடிதானே உக்காந்திருக்கா. அவளுக்கு அது மனப்பாடம்.

ஹில்க்கா: நான் ஆரம்பிச்ச ஆர்கெஸ்ட்ரா இது. வசந்தக் கச்சேரின்னா, கடைசிப் பாட்டுக்கு நடத்துற கோலை உன் கையில குடுத்துட்டு நான் பசங்களோட உக்காந்து வயலின் வாசிக்கணும். அதைக் கேக்கத்தான் பாதி ஊர் வருது.

ரவுனோ: அதுக்கில்ல...

ஹில்க்கா: ஜூன்ல சாவியைக் குடுத்துடப் போறேன். இனிமே எனக்குக் கச்சேரி ஏது?

ரவுனோ: நேத்து ஒத்திகையில உங்க வில்லு தந்தி மேல குதிச்சுது டீச்சர். எல்லாருக்கும் கேட்டுது.

ஹில்க்கா: எல்லாருக்குமா?

ரவுனோ: ...எனக்குக் கேட்டுது.

ஹில்க்கா: பரவால்ல, உனக்குக் காது வந்துடுச்சு. சின்ன வயசுல அதுதான் இல்ல.

ரவுனோ: ஆரம்பிச்சுட்டீங்களா.

ஹில்க்கா: எட்டு வயசுல நீ வயலினைத் தொட்டா, யாரோ பூனையை மிதிச்ச மாதிரி...

ரவுனோ: அதுக்குத்தானே கச்சேரியன்னைக்கு என் வில்லுல சோப்பைத் தேய்ச்சு விட்டீங்க. இழு இழுன்னு இழுக்கிறேன், சத்தமே வரல. முன் வரிசையில எங்கம்மா அழறாங்க, எம் புள்ள என்னமா வாசிக்கிறான்னு.

ஹில்க்கா: அந்தம்மா சந்தோஷமாத்தானே வீட்டுக்குப் போனாங்க... இரு. உனக்கு எப்படித் தெரியும்?

ரவுனோ: வில்லு வழுக்கினா தெரியாதா? அப்பவே தெரியும். யார்கிட்டயும் சொல்லல, அவ்வளவுதான். அடுத்த வாரமே செல்லோவுக்கு ஓடிட்டேன்.

ஹில்க்கா: ம்...

ரவுனோ: விடுங்க, பழைய கதை.

ஹில்க்கா: போன வருஷம் ஆடல. ஞாபகமிருக்கா?

ரவுனோ: எது?

ஹில்க்கா: கை. அன்னைக்கு மத்தியானம் கோட்டுக்குப் பொத்தான் போட முடியல. ஆனா மேடையில அந்த இடம் வந்ததும்... சத்தம் நூல் பிடிச்ச மாதிரி வந்துது. பத்திரிகையில கூட எழுதினாங்க.

ரவுனோ: ...ஆமா. நல்லா இருந்துது.

ஹில்க்கா: நல்லா இருந்துதுல்ல?

ரவுனோ: அதான் சொல்றேனே.

ஹில்க்கா: குளிர்காலம் முழுக்க, மத்தியானமே இருட்டிப் போகும்ல, அந்தக் கச்சேரிப் பதிவைத்தான் போட்டுப் போட்டுக் கேட்டுக்கிட்டுக் கிடந்தேன். ஹெல்சிங்கி டாக்டர் ஆயிரம் சொல்லட்டும், இதோ என் கைன்னு...

ரவுனோ: டீச்சர், வில்லைக் குடுங்க. ரோசின் தேய்ச்சுத் தர்றேன்.

ஹில்க்கா: வேண்டாம்.

ரவுனோ: நல்லாத் தேய்ச்சா தந்தியைப் பிடிச்சுக்கும். குதிக்காது.

ஹில்க்கா: வேண்டாம்னேன்.

ரவுனோ: சரி, நீங்களே வாசிங்க. போன வருஷம் மாதிரியே வரும். நான் சொல்றேன்ல.

ஹில்க்கா: நீ சொல்றே.

ரவுனோ: ஏன் அப்படிப் பாக்குறீங்க?

ஹில்க்கா: வேற ஏதாவது சொல்லுவியோன்னு பாத்தேன்.

ரவுனோ: ...மணி அடிச்சுட்டாங்க. குடுங்க டீச்சர், ஒரு இழுப்புதான்.

ஹில்க்கா: ரோசின் இதுல ஒட்டாதுடா. காலையில நானே சோப்புப் போட்டுட்டேன். சைமியைத் தனியாக் கூப்பிட்டு, ரவுனோவுக்குக்கூடத் தெரிய வேண்டாம், பின்னாடியிருந்து நீயே வாசிச்சுடும்மான்னு கெஞ்சினேன். அந்தப் பொண்ணு கள்ளமில்லாமக் கேட்டா... "போன வருஷம் வாசிச்ச மாதிரியேவா டீச்சர்?"னு.