பொத்தானை அழுத்தியிருந்த நேரம்

என் பெயர், தந்தை பெயர், முகவரி ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன, அவை சரியானவை. வயது நாற்பத்தெட்டு. கல்லூரியில் புவியியல் கற்பிக்கிறேன். மருத்துவமனையில் செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் குரல் கலைஞர் என் உடன்பிறந்த தங்கை. இது தொடர்பாகக் காவலில் வைக்கப்பட்டிருக்கும், டேப்பு என்று எல்லோரும் அழைக்கும் ஒலிப்பதிவாளரை எனக்குத் தெரியும். அவர் ஒருவர்தான் காரணம் என்று முடித்துவிடக்கூடாது என்பதற்காக நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

பார்வையற்ற மாணவர்களுக்காக நான் எழுதிய பாடங்களைத் தங்கையின் குரலில் பதிவு செய்ய அன்று காலை இருவரும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனோம். அங்கே பேசுபவர் உட்காரும் அறைக்குச் சன்னல் கிடையாது. கருவிகள் இருக்கும் வெளி அறையில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினால் உள்ளே இருப்பவருக்கு ஹெட்போனில் கேட்கும். அதை டாக்பேக் என்கிறார்கள். தங்கைக்கு இடது காது சில காலமாக மந்தமாகிவந்தது. தெரிந்தால் யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று மறைத்துவந்தாள். எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள். சத்தத்தைக் கூட்டிக் கேட்பதற்காக வீட்டிலிருந்த பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பையில் எடுத்துவந்திருந்தாள். டேப்புவிடம் காதைப் பற்றிச் சொல்லாமல், "அண்ணே, என் டப்பாவ உங்க டாக்பேக்குக்குக் கட்டி வச்சிருங்க. ரெண்டும் சண்ட போடாம குடும்பம் நடத்தட்டும்" என்றாள்.

டேப்பு அதை உள் அறையில் மேசைமேல் வைத்து இணைத்தார். உடனே ஹெட்போனிலும் பதிவிலும் ஓர் இரைச்சல் வந்தது. "பொண்ணு வந்த அன்னிக்கே முணுமுணுக்க ஆரம்பிச்சிருச்சே" என்று சொல்லிக்கொண்டே இணைப்புக் கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக வலையை ஒரு முனையில் கழற்றினார். இரைச்சல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. டப்பா வேண்டாம் என்று அவர் சொன்னபோது தங்கை என்னைப் பார்த்தாள். நான் டேப்புவிடம், "எப்படியாவது நிறுத்துங்க, அது இல்லாம அவ படிக்க மாட்டா" என்றேன். அதன் பிறகு அவர் ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைத் திறந்து, கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் கம்பியை எடுத்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபத்தில்லையா என்று கேட்டதற்கு, "எல்லா எடத்துலயும் பண்றதுதான் மேடம்" என்றார். இரைச்சல் நின்றது. அவருடைய பதிலை நான் நம்பவில்லை; ஆனாலும் வேலை தொடங்கினால் போதும் என்று இருந்துவிட்டேன். டப்பாவின் உலோகக் கூட்டுக்கு மின்சாரம் கசிந்துகொண்டிருந்ததென்று பிறகு மின் ஆய்வாளர் சொல்லித்தான் தெரியும்.

அதன் பிறகு தங்கை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டேப்பு சோதனைக்காகப் பதிவை ஓடவிட்டு, கருவி அடுக்கின் பின்னால் குனிந்து கம்பிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் பொத்தானை அழுத்தி, "கேக்குதா?" என்றேன். பதில் வரவில்லை. "சத்தத்தக் கூட்டி வச்சுக்கோ" என்றேன். தங்கை ஒரு கையால் மைக் கம்பத்தைச் சரி செய்துகொண்டே மறு கையால் டப்பாவின் திருகைத் தொட்டபோது மின்சாரம் பாய்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள். நான் விரலை எடுக்காமலே காத்திருந்தேன். எங்களுக்குப் பின்னால் இன்னொரு பதிவுக்காக ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. "காது கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லித் தொலையேன்" என்று கத்தினேன். அங்கிருந்த எல்லோருக்கும் அது கேட்டது.

டேப்பு எழுந்து வந்து, "மேடம், மொதல்ல விரல எடுங்க" என்றார். பொத்தானை அழுத்தியிருக்கும்வரை உள் அறையின் சத்தம் பதிவில் விழும், ஆனால் வெளியே வராது. வந்தால் அதுவே சுற்றிச் சுற்றி ஊளையிடும் என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். காலையிலேயே இதை எனக்கு விளக்கியிருந்தார். விரலை எடுத்த பிறகும் உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. டேப்பு ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினார். கதவைத் திறந்தபோது தங்கை தரையில் கிடந்தாள். டேப்புதான் அவள் நெஞ்சை அழுத்தினார். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை. அவள் இனி விழிக்கமாட்டாள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு மருத்துவமனைக்கு வந்த கூடத்தின் முதலாளி, "டேப்பு அவனா பண்ணதுன்னு சொல்லிருங்க மேடம். தங்கச்சி காது விஷயம் வெளிய போகாம நான் பாத்துக்கறேன்" என்றார். கம்பியை எடுத்தது யார் என்பதுதான் வழக்குக்குத் தேவை, மற்றவற்றால் பெரிய மாற்றம் வராது என்று இங்குள்ள அதிகாரியும் சொன்னார். இருந்தாலும் நான் கேட்டுக்கொண்டபடி எல்லாவற்றையும் எழுதினார்.

இன்று குரலை அடையாளம் காட்டுவதற்காக அந்தச் சோதனைப் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். "அக்" என்று ஒருமுறை கேட்பது என் தங்கையின் குரல். ஹெட்போனிலிருந்து கசிந்து மெலிதாகக் கேட்பது என் குரல். நான் கத்திய வாக்கியத்துக்குப் பிறகும் சிறிது நேரம் அவள் மூச்சுவிடுவது கேட்கிறது.

மேலே கண்டவை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொன்னவை, உண்மை. படித்துக் காட்டினார்கள். மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

(கையொப்பம்)