நீர்யானையின் மூக்குத் துளை

அந்த மூடியில் மட்டும் சாய்ந்துவிடாதீர்கள், பெயிண்ட் இன்னும் காயவில்லை. நேற்றுத்தான் இரண்டாவது பூச்சு அடித்தேன். காப்பி ஊற்றட்டுமா? நீங்கள் விபத்தை விசாரிக்க வந்தவர், நானும் எதையும் ஒளிக்கப்போவதில்லை. ஆற அமரப் பேசலாம்.

இந்த விமானத்திடலில் சொந்தமாக விமானம் கட்டும் எவரும், இன்ஜின் மூடியில் கைவைக்கும் முன் பதினோரு வருடமாக என்னிடம்தான் கேட்பார்கள். பெரிய துளையாக வை, காற்று தாராளமாகப் போகட்டும் என்பேன். எல்டன் ஷ்ரோடர் மட்டும் கேட்கவில்லை. ஓய்வுபெற்ற பல் மருத்துவர். நாற்பது வருடம் விஸ்கான்சின்காரர்களின் வாயைக் குடைந்தவருக்கு இன்ஜினின் வாயும் அத்துப்படி என்று நினைப்பு. முன்பக்கத் துளைகளைப் பாதியாகச் சுருக்கினார். இரண்டு குளிர்காலம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மணிக்கு ஒன்பது மைல் வேகம் கூடுமாம்.

சனிக்கிழமை பான்கேக் விருந்தில், என் விமானத்தின் பெரிய துளைகளைக் காட்டி, எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்னப்பா மெர்வின், உன் நீர்யானை மூக்கை எப்பத்தான் தைக்கப் போற? வாத்து வந்து கூடு கட்டிடும்பா."

சிரித்தார்கள். என் யோசனையால் பறப்பவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு வலித்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் தடவை பறப்பதற்கு முன், இன்னொருவர் டார்ச் அடித்து எல்லாம் பார்த்து, தன் கையால் மூடித் தர வேண்டும். எல்டன் என்னையே கூப்பிட்டார். "உன்ன மாதிரி குத்தம் கண்டுபிடிக்கிற ஆளு இங்க யாரு இருக்கா? நீயே பாத்துடு." பெருந்தன்மைதான், மறுக்கவில்லை.

மூடிக்குள் இன்ஜினைச் சுற்றி ரப்பர் பட்டைகள் இருக்கும். முன்பக்கம் மடிந்திருந்தால் காற்றே அவற்றை அழுத்தி இடுக்கை அடைத்துவிடும், இன்ஜின் குளிரும். பின்பக்கம் மடிந்தால் காற்று நழுவிவிடும். நான் பின்பக்கம் மடித்து மூடினேன். ஐந்து நிமிட வேலை. இன்ஜின் சுடும், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்குவார், துளையைப் பெரிதாக்குவார். பட்டையை நானே சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்றிருந்தேன்.

அவர் முதன்முதலாகப் பறந்த அன்று ரேடியோ என் கையில். "மெர்வின், சூடு ஏறிக்கிட்டே போகுதுப்பா."

"புது இன்ஜின் மொத நாள் சுடத்தான் செய்யும். பவரைக் கொறைக்காத." இங்கே எல்லோரும் சொல்வதுதான். பக்கத்தில் நின்றவர்கள்கூடத் தலையாட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டார். "எறங்கிடட்டுமா?"

பான்கேக் தட்டும் கையுமாகப் பன்னிரண்டு பேர் வேடிக்கை பார்த்து நின்றிருந்தார்கள், அவர் மனைவி கார்லா உட்பட. இறங்கியதும் அத்தனை பேரும் மூடியைத் திறந்து தலையை நுழைப்பார்கள். பட்டையைப் பார்ப்பார்கள்.

"இன்னொரு சுத்து போயிட்டு வா" என்றேன்.

மக்காச்சோளக் கொல்லைக்கு மேலே இன்ஜின் இறுகி நின்றது. மிச்சத்தை நீங்களே பார்த்தீர்கள். கார்லா என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். நானும் உண்மையாகவே அழுதேன்.

எழுதிக்கொள்ளுங்கள்: பட்டையை மடித்தது நான், இறங்க விடாததும் நான். கையெழுத்தும் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. அதோ காய்கிற மூடி என்னுடையதுதான். எல்டனின் அளவிலேயே துளை வைத்து, பட்டையை ஒழுங்காக மடித்து, போன வாரம் பறந்து பார்த்தேன். துளிச் சூடு ஏறவில்லை. ஒன்பது மைல் கூடியது. அதை மட்டும் அறிக்கையில் சேர்க்காதீர்கள். இந்தத் திடலில் எனக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது.