சானமாவுக்கு ஒரு மறுப்பு

பெயர் வைப்பது லேசான வேலை என்று நினைப்பவர்கள் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒருமுறை வந்திருக்க வேண்டும். டீ நாலு சுற்று வரும். பெயர் மட்டும் வராது.

நீங்கள் கேட்டபடி முதலிலிருந்தே சொல்கிறேன், சார். நான் அழகர்சாமி, திருமங்கலத்துக்காரன். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகர், இரண்டாவது ஷிஃப்ட். ஓய்வு நேரத்தில் நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து, கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் மென்பொருளைத் தமிழில் கொண்டுவந்தோம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஒவ்வொரு பதிப்புக்கும் இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர் ஒன்றை வைப்போம். முதல் பதிப்பு பேரிகை. அடுத்தது கல்லாவி. மூன்றாவதுக்கு நான் சொன்ன பெயர் சானமாவு, யானைகள் நடமாடும் காட்டை ஒட்டிய ஊர்.

எங்கள் குழுவில் ஓட்டெடுப்பு கிடையாது. ஒன்பது பேரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் அந்தப் பெயர் கிடையாது. அந்த விதியை எழுதியதே நான்தான். இன்றைக்கும் அதை மதிக்கிறேன்.

கூட்டம் நடப்பது ஜோதிமணி மேடத்தின் கம்ப்யூட்டர் சென்டரில். அவர்தான் முதலில் சிரித்தார். "சானமாவுன்னு வெச்சா சிஸ்டம் யானை மாதிரி ஆடி அசைஞ்சு போவும்னு கேலி பண்ணுவாங்க, அழகர்."

"யானை மெதுவாப் போவும்னு யார் சொன்னா மேடம்?" என்றான் கங்கப்பன், ஒன்பது பேரில் ஒருவன். "ஓட ஆரம்பிச்சா என் மொபெட்டே தோத்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "அந்தப் பேரு வேணாம்ணா. ராகிக் காவலுக்குப் போன எங்கப்பாவ யானை மிதிச்ச காடு அது. பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டரத் தொறக்கறப்பல்லாம் அந்தப் பேரு வந்து நிக்கணுமா? வேற எந்தப் பேரு வேணா வைங்க, நான் கேக்கவே மாட்டேன்."

நியாயமான பேச்சுதான். ஆனால் ஒரு காட்டின் பெயருக்கு ஒரு குடும்பத்தின் துக்கம் மட்டுமா சொந்தம்? ஆறு ஞாயிறு பேசினேன். வீட்டுக்கே போனேன். அவன் அம்மா கெம்பம்மா களியும் கீரையும் போட்டார்கள். ருசியாக இருந்தது. பெயர் விஷயத்தில் அவன் மசியவில்லை. பன்னிரண்டு பள்ளிகள் குடியரசு தினத்துக்கு சிடி வரும் என்று காத்திருந்தன. மெனுக்களில் மூவாயிரம் வரிகளைத் தமிழாக்கியவன் நான். எவ்வளவுதான் பொறுப்பது?

எனக்கு அவன்மேல் கோபம் இல்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

நான் குடியிருப்பது அந்தக் காட்டோரத்தில், ஒரு மாடி அறை. மொட்டை மாடியில் நின்றால் ரோட்டு வளைவு தெளிவாகத் தெரியும். கங்கப்பன் வீடு காட்டுக்கு அந்தப் பக்கம். முதல் ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். நான் மாடியேறிப் பார்ப்பேன். ரோடு காலியாக இருந்தால் பதிலுக்கு ஒரு ரிங். யானை நின்றால் ரிங் கிடையாது, அவன் காத்திருப்பான். இரண்டு வருஷம் ஒரு நாள்கூட நான் தவறியதில்லை.

அந்த வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அவன் கால் வந்தது. மாடியேறினேன். நல்ல பனி, ஆனாலும் மேலிருந்து தெரிந்தது. வளைவில் நான்கு யானைகள், நடுவில் ஒரு குட்டி. குட்டியோடு இருக்கும் கூட்டம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வண்டியில் வருகிறவனுக்கு அந்தப் பனியில் வளைவு திரும்பும் வரை ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு ரிங் கொடுத்தேன். கீழே வந்து காபி போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கங்கப்பனுக்கு அஞ்சலி முடிந்ததும் சானமாவு பெயரை மறுபடி முன்வைத்தேன். மறுப்பு உண்டா என்று முறைப்படி கேட்டேன். ஜோதிமணி மேடம் அழுதுகொண்டிருந்தார். மற்றவர்கள் தலை குனிந்திருந்தார்கள். மறுப்பு இல்லை என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

கெம்பம்மா மட்டும் சும்மா இருக்கவில்லை. காரியம் முடிந்த மறுநாளே என்னைத் தேடி வந்தார்கள்.

"ரிங் வந்துட்டுதும்மா, ரோடு காலின்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தானே எம்மவன் வண்டிய எடுத்தான். நீ பாத்தியா சாமி, பாக்கலியா?"

பார்த்தேன் என்று சொன்னேன். பெரியவர்களிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவர்கள் நேராக இங்கே ஸ்டேஷனுக்கு வந்தார்கள். நீங்கள் ஃபோன் பதிவை எடுத்தீர்கள். மற்றது உங்களுக்கே தெரியும். ஆமாம் சார், தெரிந்தேதான் செய்தேன். கொன்றது நான்தான்.

ஒரு விஷயம்தான் மனசை அறுக்கிறது. நேற்று ஜோதிமணி மேடம் வந்திருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மூன்றாம் பதிப்புக்குக் கங்கப்பன் என்றே பெயர் வைத்துவிட்டார்களாம். ஏழு பேரும் ஒரே மனதாகச் சம்மதித்தார்களாம். சிடி அடிக்கக் கொடுத்தாயிற்றாம்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் இன்னும் உறுப்பினர். நீங்களே சொல்லுங்கள் சார், மறுக்கக்கூடிய ஒருவனை இல்லாமல் செய்துவிட்டு முடிவெடுப்பது எந்த ஊர் நியாயம்?