அது அவங்க டெஸ்ட் சார்

போதும், உபதேசம் போதும். பின்வரிசையில ரெண்டு பேர் கொட்டாவி விட்டதை நான் பார்த்துட்டேன். ஒரு கதை சொல்றேன், சின்னதுதான்... கேட்டுட்டு அப்புறம் தாராளமா தூங்குங்க.

நாமக்கல்லுல இளம்பரிதின்னு ஒரு பையன். பைலட் ஆகணும்னு ஆசை. அவங்கப்பா பழனியப்பன் சொந்தமா ரெண்டு லாரி வச்சிருந்தவர். ரெண்டையும் வித்து மகனைப் பைலட் படிக்க வச்சார். இப்ப என்ன பண்றார்? இன்னொருத்தர் லாரியில சம்பளத்துக்கு ஸ்டியரிங் பிடிக்கிறார். பையனுக்கு வேலை கிடைச்சாத்தான் அந்த மனுஷனுக்கு ஓய்வு. புரியுதுங்களா?

பையன் லேசுப்பட்டவன் இல்லை. ஹாஸ்டல்ல போட்டு, மார்க்கு மார்க்குன்னு வளர்த்த பையன். பரீட்சையில இடது கையால பேப்பரை மறைச்சுக்கிட்டேதான் எழுதுவான். பக்கத்துல இருக்கறவன் பேனா கேட்டா 'இல்லை'ம்பான்... பையில மூணு பேனா இருக்கும். நாமதான் அதுக்கு ஒழுக்கம்னு பேர் வச்சிருக்கோமே.

ஒரு விமானக் கம்பெனியில இன்டர்வியூ. எதிர்ல கேப்டன் தேவசகாயம். முப்பது வருஷம் பறந்த மனுஷன்.

"உங்க பலம் என்ன தம்பி?"

"டீம் ஒர்க் சார்."

ஆஹா... என்ன ஒரு பதில். "சரி, பலவீனம்?"

"எதையும் ரொம்பப் பர்ஃபெக்டா செய்யறது சார்."

உலகத்துலயே குறை இல்லாத ஒரே ஜாதி, இன்டர்வியூவுக்குப் போற ஜாதிதான்.

அடுத்தது சிமுலேட்டர். விமானத்தோட முன்பக்கம் மாதிரியே ஒரு ரூம். தரையை விட்டுக் கிளம்பாது, ஆனா உள்ள உக்காந்தா பறக்கற மாதிரியே இருக்கும். ரெண்டு ரெண்டு பேரா அனுப்புவாங்க. ஒருத்தர் ஓட்டணும். இன்னொருத்தர் கவனிக்கணும். ஓட்டறவர் தப்பு பண்ணினா உடனே வாய்விட்டுச் சொல்லணும். அதுதான் அவர் வேலை. நம்ம ஆளுக்கு ஜோடியா வந்தது வாணியம்பாடிப் பொண்ணு, நஸ்ரின். அவங்க ஓட்டணும், இவன் கவனிக்கணும்.

வெளியில காத்திருந்தப்ப எவனோ ஒரு புண்ணியவான், 'ஒரே ஒரு இடம்தான் பாக்கியாம்'னு ஊதிவிட்டிருந்தான். போதாதா நம்ம ஆளுக்கு?

கேப்டன் பின்னாடி இருந்து சொல்றார்: "மூவாயிரம் அடி வரைக்கும் இறங்குங்க." நஸ்ரின் பதற்றத்துல உயரத்தை ரெண்டாயிரம்னு வச்சுட்டாங்க. இவன் பார்த்தான்... நல்லாப் பார்த்தான்... வாயை மூடிக்கிட்டான். விமானம் இறங்குது. மூவாயிரம் தாண்டிருச்சு. எதிர்ல மலை. மெஷினுக்கே பொறுக்கலைங்க, 'தூக்கு, தூக்கு'ன்னு அதுவே கத்துது. மெஷினுக்கு இருந்த பதைப்பு நம்ம பையனுக்கு இல்லை. அந்தப் பொண்ணு சுதாரிக்கறதுக்குள்ள... மோதிருச்சு. ஸ்கிரீன் அப்படியே நின்னுபோச்சு.

கேப்டன் கேட்டார், "தம்பி, அவங்க தப்பா வச்சதைக் கவனிச்சீங்களா?"

நம்ம ஆளு பெருமையா, "வச்ச உடனே கவனிச்சுட்டேன் சார்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"அது அவங்க டெஸ்ட் சார்."

கேப்டன் கண்ணாடியைக் கழட்டினார். "சரி தம்பி... இப்ப அவங்க மலையில மோதினாங்களே, அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க? கீழ பஸ் ஸ்டாண்டுலயா?"

பதற்றத்துல வந்த தப்புதானேன்னு நஸ்ரினுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தாங்க. இந்தத் தடவை கம்பெனி பைலட் ஒருத்தரை ஓட்டச் சொல்லி, இவங்களைக் கவனிக்க வச்சாங்க. அவர் வேணும்னே ஒரு தப்பு பண்ணினார். அடுத்த நொடியே இந்தப் பொண்ணு, "சார், உயரம் தப்பு"ன்னாங்க. வேலை அவங்களுக்கு. இவனுக்கு மெயில்... 'வருந்துகிறோம்'.

வீட்டுக்கு வந்து நம்ம ஆளு என்ன சொன்னான்? "பொண்ணுங்களுக்குத்தான் கொடுப்பாங்களாம். முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க." மாமா வந்தார், "சிபாரிசு இல்லாம நடக்குமா?" சித்தப்பா வந்தார், "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மந்திரிகிட்டயே பேசியிருப்பேன்." இவர் போன வாரம் ரேஷன் கார்டுல பேரைத் திருத்த முடியாம திரும்பி வந்தவர்.

நாலு நாள் கழிச்சு அப்பா போன் பண்றார், ஆந்திராவுல எங்கயோ ரோட்டோரத்துல இருந்து. "கண்ணு... இன்னைக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன் கண்ணு. கண்ணு அசந்துருச்சு, வண்டி எதிர்ப்பக்கம் ஏறிருச்சு. பக்கத்துல மாத்து டிரைவர் சண்முகம்தான். எனக்கும் அவனுக்கும் ஆகாது, பேசி மூணு மாசமாச்சு. நான் ஓட்டற வண்டி மேல அவனுக்கு ஒரு கண்ணு. ஆனா கத்துனான் பாரு ஒரு கத்து... அதனாலதான் உங்கூடப் பேசிட்டு இருக்கறேன்."

அப்பா, "லைன்ல இருக்கறயா கண்ணு?"ன்னார்.

அப்புறம் பையன் சொன்னான். "அப்பா... பொண்ணுங்க, சிபாரிசு, அதெல்லாம் ஒண்ணுமே இல்லைங்கப்பா. அந்தப் பொண்ணு தப்பா வச்சாங்க, நான் பார்த்துட்டே சும்மா இருந்துட்டேன். அவங்க தோத்தா எனக்குக் கிடைக்கும்னு நினைச்சேன்." சொல்லிட்டு அழுதுட்டான்.

அப்பா திட்டலை. "சண்முகம் சாப்பிட்டானான்னு பார்த்துட்டு வர்றேன், இரு"ன்னு போனை வச்சுட்டார்.

அவனுக்கு அப்புறம் வேலை கிடைச்சுதான்னு கேட்கறீங்க. இன்னும் இல்லை. அடுத்த மாசம் வேற கம்பெனியில இன்டர்வியூ. போவான்.

இங்க உக்காந்திருக்கற என் தம்பி தங்கச்சிங்களே... உங்களுக்கும் அந்த மெயில் வரும். வந்த உடனே காரணம் சொல்ல மாமா, சித்தப்பா எல்லாம் தயாரா வருவாங்க. இலவசமா சொல்வாங்க, கேட்கறதுக்கும் சுகமா இருக்கும். கேட்டுக்குங்க, காபி கொடுத்து அனுப்பிடுங்க. அதுக்கப்புறம் கதவைச் சாத்திட்டு, அந்த ரூம்ல நான் என்ன பண்ணினேன்னு நிஜத்தை ஒரே ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்க. சொல்றப்ப வெட்கமா இருக்கும். இருக்கட்டும். அந்த வெட்கம் வந்தவன்தான் அடுத்த இன்டர்வியூவுக்குப் புது ஆளாப் போறான். மத்தவங்க எல்லாம் பழைய ஆளையே புதுச் சட்டை போட்டு அனுப்பறாங்க.