பதுங்கு குழிக்குள்ள நேடீன்

...சாத்தியாச்சுடி, தாழ்ப்பாளும் போட்டாச்சு, நீ மொதல்ல உக்காரு. அந்த மூலையில வேணாம், சிலந்தி இருக்கு. இந்த வாளியக் கவுத்துப் போட்டு வச்சிருக்கேன் பாரு, இதுல உக்காரு. என்னது? காது மிஷினா? விட்டுட்டு வந்துட்டியா? எங்க, சமையக்கட்டு ஜன்னல்லயா? நல்லா இருக்கு போ! தலைக்கு ஒம் புருஷன் ஃப்ளாய்டோட சைக்கிள் ஹெல்மெட்ட மறக்காம மாட்டிட்டு வந்திருக்க, காத மறந்துட்டு வந்திருக்க. சரி, சரி, மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. நான் பக்கத்துலயே ஒக்காந்து கத்தறேன். சூறாவளி சைரன் நின்னாச் சொல்றேன். ரேடியோக்காரன் என்ன சொல்றான்னும் நானே சொல்றேன், போதுமா?

ஃப்ளாய்டு எங்க? வரமாட்டேன்னுட்டானா? ஒங்க வீட்டு வாசல்லயே நிக்கறானா? அதானே! இந்த ஓக்லஹோமாவுல பொறந்த ஆம்பள எவன்தான் குழிக்குள்ள வந்தான். பொம்பளைங்க எல்லாம் மண்ணுக்கடியில, இவனுங்க மட்டும் கையில பீரப் புடிச்சுக்கிட்டு, என்னமோ ஊர்வலம் வர்ற மாதிரி மேகத்தப் பாத்துக்கிட்டு நிப்பானுங்க. ஒண்ணும் ஆகாது, பயப்படாத. அவன் முட்டி வலிக்கு அவன் நெனச்சாலும் ஓட முடியாது. காத்தே பாத்துப் பாவம்னு சுத்திப் போயிடும்.

நான் மத்தியானமே தயார் ஆயிட்டேன். டிவியில வானிலை சொல்றவன் கோட்டக் கழட்டினான் பாரு, அப்பவே எந்திரிச்சுட்டேன். கோட்டோட நின்னு பேசினா வெறும் மழை. கோட்டக் கழட்டிச் சட்டைக்கையச் சுருட்டினான்னா குழிதான். தண்ணி, பீன்ஸ் டின்னு, போர்வை, டார்ச்சு எல்லாம் கொண்டாந்து வச்சேன். சோளரொட்டி அடுப்புல இருந்துச்சு, அதையும் பாதி வேக்காட்டுல எடுத்துட்டு வந்துட்டேன். தின்னு. நடுவுல கொழகொழன்னுதான் இருக்கும். தின்னு.

வீடா? வீட்டப் பத்திக் கேக்காத. சமையக்கட்டுக் குழாய் சொட்டுது, சொட்டுது, சொட்டிக்கிட்டே இருக்கு. துணி தொவைக்கற மிஷின் இருக்கே, சுத்த ஆரம்பிச்சா நடக்குதுடி. நேத்து கதவு வரைக்கும் வந்துருச்சு. எங்க போற, உன் துணியையும் எடுத்துட்டுப் போன்னு கேட்டேன். அப்புறம் எலி. மாவு டப்பா மூடியத் தெறந்து தின்னுட்டு மூடி வச்சுட்டுப் போற அளவுக்குப் புத்திசாலி எலி. ஒங்க வீட்டுலயும் அதேதானா? ஃப்ளாய்டு சாக்ஸக் கழட்டி எங்க போடறான்? ரொட்டி சுடற பொட்டி மேலயா? சீச்சீ!

எம் புருஷன் ஹார்லன் உசுரோட இருந்தா குழாய மட்டுமாவது சரி பண்ணியிருப்பாரு. மறதி நோய் முத்திப் போயி எம் பேரு மறந்தப்பக்கூட கைக்கு வேலை மறக்கல. ஸ்பேனரக் குடுத்தா போதும், சின்னப் புள்ளை மாதிரி ஒக்காந்துக்குவாரு.

என்ன? இல்ல, காத்து இன்னும் போகல. ரேடியோல என்ன சொல்றான்னா, பால் பண்ணையத் தாண்டி இந்தப் பக்கமாத்தான் வருதாம். உக்காரு.

நீ வருவியா மாட்டியான்னு ஒரு நிமிஷம் சந்தேகமா இருந்துச்சு தெரியுமா. ஆனா வராம எங்க போவ? இந்த ரோட்டுல குழி இருக்கறது எங்க வீட்டுல மட்டும்தான். சைரன் ஊதிட்டா யாரு தட்டினாலும் தெறக்கணும், அது எங்க மாமனாரு வச்ச சட்டம். அவரு தன் மாட்டத் திருடினவனையே உள்ள விட்டாராம். பக்கத்துல ஒக்கார வச்சு, போர்வையும் குடுத்து, காத்து நின்னப்புறம் வெளிய கூட்டிட்டுப் போயி ஒதைச்சாராம். சிரிக்கிறியா? சிரி, சிரி. நல்ல மனுஷன்.

ஃபோன் பண்ணினவ யாருன்னு இன்னமும் தேடறியா ஓலெட்டான்னு அன்னைக்கு சர்ச்சுல கேட்டியே. தேடறேன்டி. சாகறதுக்குள்ள தெரிஞ்சுக்கணும். வேற எனக்கு என்ன வேலை இருக்கு? நான் என் புருஷனக் கட்டிப் போட்டுக் கொடுமைப் படுத்தறேன்னு ஒருத்தி சர்க்கார் ஆபீசுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லுவா, மறுநாள் அங்கேருந்து ஒரு சின்னப் பொண்ணு வண்டியில வந்து எறங்கும், சும்மா ரெண்டு நாள் பரிசோதனைக்குன்னு கூட்டிட்டுப் போயி முதியோர் ஹோம்ல போட்டுரும். போனவரு திரும்பி வந்தாரா? பொட்டியிலதான் வந்தாரு. அத அப்படியே விட்டுறணுமா நானு?

மொதல்ல டாக்டரு மேல சந்தேகப்பட்டேன். அப்புறம் பாஸ்டர் சம்சாரம் மேல. அவ பாட்டுக்கு ஏதாச்சும் பிரார்த்தனைக் கூட்டத்துல அழுதுகிட்டே சொல்லியிருப்பான்னு. அவ குடுத்த கேக்க அப்படியே கோழிக்குப் போட்டேன். இல்ல, அவங்க ரெண்டு பேரும் இல்ல. எப்படித் தெரியும்னா, அந்தப் பொண்ணு யாரு பேரையும் சொல்லல, சொல்லவும் கூடாதாம். ஆனா வாய் தவறி ஒண்ணு சொல்லுச்சு. மஞ்ச நாடாவுல கட்டியிருந்தீங்களாமேன்னு கேட்டுச்சு. அன்னைக்கு நான் அழுத அழுகையில அது காதுல விழுந்தும் விழல. அடக்கம் முடிஞ்சு, ஒரு நாள் துணி மடிக்கறப்ப அந்த நாடா கைக்கு வந்துச்சு. அப்படியே கட்டில்ல ஒக்காந்துட்டேன்.

என்ன சொட்டுதுன்னு கேக்கறியா? அது மேல இருந்து தண்ணி எறங்குது. மழைதான். இல்லடி, சைரன் இன்னும் ஊதிக்கிட்டுத்தான் இருக்கு. ஒனக்குக் கேக்காது.

ஒரே ஒரு நாள்தான் நான் அந்த நாடாவத் தொட்டேன் நேடீன். போன வசந்தத்துல, இதே குழியில. எப்பவோ செத்துப் போன குதிரைய அவுத்து விடணும்னு ஹார்லன் வெளிய ஓடப் பாத்தாரு. மேல கூரையப் பிய்ச்சுட்டுப் போற காத்து. நான் என்ன பண்ணுவேன்? கவுனோட நாடாவ உருவி அவரு மணிக்கட்டையும் என் மணிக்கட்டையும் சேத்துக் கட்டிக்கிட்டேன். அவரையா கட்டினேன்? எங்க ரெண்டு பேரையும் கட்டினேன். கட்டினதும் அடங்கிட்டாரு. எம் தோள்ல சாஞ்சு தூங்கிட்டாரு. கல்யாணம் பண்ணின புதுசுல அப்படித்தான் தூங்குவாரு.

அன்னைக்கு இங்க இருந்தது யாரு யாரு? நான், அவரு, அப்ப எதிர் வீட்டுல இருந்த வெர்னா, நீ. வெர்னாவத்தான் ஒனக்குத் தெரியுமே, சைரன் ஆரம்பிச்சா போர்வைய இழுத்துத் தலையில போத்திக்கிட்டு ஏசுவேன்னு ஒக்காந்துருவா. பக்கத்துல யானையக் கட்டினாலும் அவளுக்குத் தெரியாது. வெளக்கப் புடிச்சுட்டு எங்களப் பாத்துட்டு இருந்தது நீதான்.

ஹெல்மெட்டக் கழட்டிடு, வேர்க்குது பாரு ஒனக்கு.

என் நல்லதுக்குத்தான் ஃபோன் பண்ணினியா? என்ன நல்லது? நான் தூங்காம எளைச்சுப் போனேனா? ஆமா எளைச்சேன். எம் புருஷனுக்காக எளைச்சேன். ஒனக்கு என்ன செலவு? வேலியத் தாண்டி வந்து, ஓலெட்டா, நீ விழுந்துருவ போலருக்கு, ராத்திரி நான் வந்து படுத்துக்கறேன்னு ஒரு வார்த்தை சொன்னியா? பூசணிக்கா பலகாரம் சுட்டுக் கொண்டாந்த. அடக்கத்துக்கும் கொண்டாந்த. எங்கையப் புடிச்சுட்டு அழுத. அந்தப் பாவி யாரா இருக்கும்னு என்னோட சேந்து நீயும் யோசிச்ச பாரு, அதத்தான் என்னால ஜீரணிக்க முடியல. பாஸ்டர் சம்சாரம் பேர எடுத்துக் குடுத்ததே நீதானேடி.

எந்திரிக்காத. கதவு கனம், ஒன்னால தூக்க முடியாது. நான் ஒண்ணும் பண்ணப் போறதில்ல. அடிக்கற வயசா எனக்கு? சர்ச்சுல எந்திரிச்சு நின்னு ஒம் பேரச் சொல்லலாமான்னு யோசிச்சேன். சொன்னா என்ன, ஒரு வாரம் பேசுவாங்க, அப்புறம் நீ உருளைக்கெழங்கு சாலட் பண்ணிக் கொண்டாருவ, மன்னிச்சுருவாங்க. அது பத்தாது. அதனால காத்துக்காகக் காத்துட்டு இருந்தேன். மிச்சக் குளிர்காலம் பூரா, சனிக்கெழமை மத்தியானம் சைரனச் சும்மா ஊதிப் பாப்பாங்களே, அப்பல்லாம் ஒங்க வீட்டு ஜன்னலத்தான் பாப்பேன்.

அழாத. அழுதா இன்னும் ஒண்ணும் கேக்காது ஒனக்கு. கிட்ட வா, இதையும் சொல்லிடறேன். நர்ஸம்மா எங்கிட்ட சொன்னது, யாருகிட்டயும் சொல்லல. ஹார்லன் அந்த ஹோம்ல இருக்கறப்ப அவருக்கு அது ஹோம்னே தெரியல. இந்தக் குழிக்குள்ளயே இருக்கோம்னு நெனச்சுட்டு இருந்தாரு. தெனமும் காலையில எந்திரிச்சதும் கேப்பாராம், காத்து போயிடுச்சா, வீட்டுக்குப் போலாமான்னு. அவங்க என்ன சொல்லுவாங்க? இன்னும் கொஞ்ச நேரம் ஹார்லன், இன்னும் கொஞ்ச நேரம்னு சொல்லிட்டே இருந்தாங்க. கோடை போச்சு, பனி வந்துச்சு, அவரு ஒக்காந்தே இருந்தாரு. பாக்கப் போயிட்டுத் திரும்பறப்ப நான் வண்டியில ஏறி ஒக்காருவேன், ஜன்னல் வழியா எம் பேரச் சொல்லிக் கூப்பிடுவாரு. மத்ததெல்லாம் மறந்துருந்துச்சு, அப்ப மட்டும் எம் பேரு எப்படித்தான் வருமோ. வண்டிய எடுத்துட்டு நான் பாட்டுக்கு வந்துருவேன். வந்துதானே ஆகணும்.

என்ன? சைரனா? அது நின்னு ரொம்ப நேரமாச்சுடி. நீ சாக்ஸப் பத்திச் சொல்லிட்டு இருந்தியே, அப்பவே நின்னுடுச்சு. காத்து இந்தப் பக்கமே வரல. ரேடியோல இப்பப் பாட்டு போட்டுட்டு இருக்கான்.

ஃப்ளாய்டா? நல்லாத்தான் இருக்கான். வாசல்ல நின்னு நேடீன், நேடீன்னு கூப்பிட்டுட்டு இருக்கான், எனக்கு இங்க கேக்குது. இப்பக் கொஞ்சம் பயந்துட்டான் போல, கொரல் ஒடையுது.

கூப்பிடட்டும்.